ஓனர் காசும் ஒற்றைப் புள்ளியும்

2023 நவம்பர் 17 அன்று, இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில், செலவு விதியை மீறியதற்காக எவர்டன் கிளப்பின் கணக்கில் பத்துப் புள்ளிகள் வெட்டப்பட்டன. அன்றிரவு என் சித்தி மகன் போன் செய்தான். அவன் செல்சி ரசிகன். எவர்டன் இருந்தால் என்ன, போனால் என்ன என்கிற ஆள். ஆனாலும் கொதித்துப்போயிருந்தான். “ஓனர் காசுண்ணே. அவன் வீட்டுக் காசை அவன் செலவு பண்றான். இதுல இவங்களுக்கு எங்க வலிக்குது?”

இது அவன் சொந்தமாக யோசித்துக் கேட்டது இல்லை என்று எனக்குத் தெரியும். யூடியூபில், பாட்காஸ்டில், முன்னாள் வீரர்கள் கால்மேல் கால் போட்டுப் பேசும் டி.வி. ஸ்டூடியோக்களில் எங்கும் இதே பேச்சுதான் ஓடுகிறது. செலவு விதி என்பது பெரிய கிளப்புகள் தங்களைச் சுற்றிப் போட்டுக்கொண்ட வேலி. பணமுள்ள ஓனர் ஒருவர் சின்ன கிளப்பைத் தூக்கிவிட வந்தால் அவர் கையைக் கட்டிப்போடுகிறார்கள். கடைசியில் அடி விழுவது ஒரு பாவமும் அறியாத ரசிகன் முதுகில். கேட்பதற்கு எளியவன் பக்கம் நிற்கிற பேச்சு மாதிரி இருப்பதால்தான் இது இவ்வளவு செல்லுபடியாகிறது. இதில் முக்கால்வாசி தப்பு. மிச்சக் கால்வாசியில் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில், எவர்டன் மீறிய விதி என்ன சொன்னது? 2013-ல் பிரீமியர் லீக் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்படலாம். திரும்பப் படியுங்கள்: நஷ்டப்படலாம். லாபம் காட்டியே ஆகவேண்டும் என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. புது ஸ்டேடியம், இளையோர் அகாடமி, பெண்கள் அணி, ஊர்ப் பணி ஆகியவற்றுக்கான செலவெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆட்டக்காரரை வாங்கவும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வரவைத் தாண்டிச் செலவழிக்க இவ்வளவு தாராளமாக இடம் விட்ட தொழில் வேறு எதுவும் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. எவர்டன் அந்த எல்லைக்குள்ளும் நிற்கவில்லை. விசாரணைக் குழு போட்ட கணக்கில் நஷ்டம் 12.45 கோடி.

இப்போது “ஓனர் காசு” விஷயத்துக்கு வருவோம்.

ஓனர் தன் காசைத்தான் போடுகிறார் என்றால், அந்தக் காசு நாளைக்கும் வருமா என்பதுதான் முதல் கேள்வி. எவர்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அன்றைய ஓனர் ஃபர்ஹாத் மோஷிரிக்கு நெருங்கிய தொழில் கூட்டாளி ரஷ்யக் கோடீஸ்வரர் அலிஷர் உஸ்மானோவ். அவருடைய நிறுவனங்கள் கிளப்புக்கு விளம்பரப் பணமாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் ரஷ்யப் படை புகுந்தது. மார்ச்சில் உஸ்மானோவ் மீது தடை விழுந்தது. அந்த வரவு அத்தோடு நின்றது. ஆனால் அந்த வரவை நம்பிக் கையெழுத்துப் போட்ட சம்பள ஒப்பந்தங்கள் நிற்குமா? நாலு வருட ஒப்பந்தம் என்றால் நாலு வருடமும் கிளப்தான் கொடுக்கவேண்டும். ஓனர் போகலாம், வரலாம். ஒப்பந்தம் கிளப்பின் பேரில் இருக்கிறது.

செல்சியில் நடந்ததை என் தம்பிக்கு நான் நினைவூட்டவேண்டியிருந்தது. அன்றைய ஓனர் ரோமான் அப்ரமோவிச் கொட்டிய பணம், ஏறக்குறைய 150 கோடி பவுண்டு, ஏட்டில் கடனாகத்தான் நின்றது. அதே போரை ஒட்டிய தடையில் 2022 மார்ச் 10 அன்று அவர் சொத்துகள் முடக்கப்பட்டன. ஐரோப்பாவின் நடப்புச் சாம்பியன் கிளப், டிக்கெட் விற்கவும் அரசின் தனி உரிமம் வேண்டிய நிலைக்கு ஒரே காலையில் வந்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. லண்டன் மாதிரியான ஊரில், அவ்வளவு பேரும் புகழும் உள்ள கிளப்பை வாங்க ஆள் வரிசையில் நின்றதால் அது பிழைத்தது. அதுவே ஒரு சின்ன ஊர் கிளப் என்றால்?

சின்ன ஊர் என்றதும் எனக்கு பிளாக்பர்ன் ஞாபகம்தான் வரும். விதி எதிர்ப்பாளர்களுக்கும் அதுதான் செல்ல உதாரணம் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜாக் வாக்கர் அந்த ஊர்க்காரர், இரும்பு வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர். சின்ன வயதிலிருந்து பிளாக்பர்ன் ரோவர்ஸ் ரசிகர். தொழிலை விற்ற காசைக் கிளப்பில் போட்டார். 1992-ல் ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலைக்கு வாங்கினார். 1995-ல் மான்செஸ்டர் யுனைட்டெட் 88 புள்ளி, பிளாக்பர்ன் 89 புள்ளி. ஒற்றைப் புள்ளியில் பட்டம். “இன்றைய விதி இருந்தால் ஜாக் வாக்கர் இதைச் செய்திருக்க முடியுமா?” என்று கேட்கிறார்கள். முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதை அழகான கதைதான்.

ஆனால் கதையை 1995-ல் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலே வருடத்தில், 1999-ல், அதே கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. 2000-ல் வாக்கர் காலமானார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளை பத்து வருடம் தாங்கிப் பார்த்துவிட்டு, 2010-ல் புனேயின் வெங்கீஸ் குழுமத்திடம் கிளப்பை விற்றது. நம் ஊரில் கோழிக்கறிக்குப் பெயர்போன அதே வெங்கீஸ்தான். 2012 மே மாதம், பிரீமியர் லீக்கை விட்டு பிளாக்பர்ன் வெளியேறிய அந்த ஆட்டத்தில், யாரோ ஒரு ரசிகர் கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்தில் விட்டார். ஆட்டம் நின்றது, கோழியைப் பிடிக்க ஆட்டக்காரர்கள் குனிந்து ஓடினார்கள். 2017-ல் மூன்றாம் டிவிஷன். வெங்கீஸ் பணம் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, வருடா வருடம் போட்டார்கள். ஆனால் 2023-ல் அமலாக்கத் துறை விசாரணை ஒன்றால் அந்தப் பணத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியதாயிற்று. லங்காஷயரில் ஒரு பின்கள ஆட்டக்காரருக்கு இந்த மாதச் சம்பளம் வருமா என்பது டெல்லியில் ஒரு நீதிபதியின் மேசையில் இருந்தது. “ஓனர் காசு” என்று நம்பி வாழ்கிற கிளப்பின் வாழ்க்கை இப்படித்தான். நல்லவர் வந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் தலையெழுத்து. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று விதி கேட்பது, ஊரின் தலையெழுத்தை ஒரு ஆளின் பர்ஸிலிருந்து பிரித்துவைக்கத்தான்.

காசு தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பெரி கிளப்தான் சாட்சி. மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர். 1885-ல் தொடங்கிய கிளப். 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் டார்பி கவுண்டியை 6-0 என்று அடித்தது. கோப்பை இறுதியில் அவ்வளவு பெரிய வெற்றி 116 வருடம் யாருக்கும் வாய்க்கவில்லை. 2019 மே 18 அன்று மான்செஸ்டர் சிட்டி அதே 6-0 கணக்கில் வாட்ஃபோர்டை வென்று சாதனையைச் சமன்செய்தது. அந்த வசந்தத்தில் பெரியும் தன் டிவிஷனிலிருந்து ஒரு படி மேலே உயர்ந்தது. அதை உயர்த்திய ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வந்திருக்கவில்லை. கிளப் அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு. ஆகஸ்டில் லீக் கொடுத்த கெடு நெருங்கியபோது முன்னாள் இயக்குநர் ஒருவர் கிக் லேன் ஸ்டேடியத்தின் தண்ணீர்க் குழாயில் தன்னைக் கைவிலங்கிட்டுக்கொண்டார். கடைசி நாளன்று துடைப்பமும் வாளியுமாக நூற்றுக்கணக்கான பேர் திரண்டு வந்து இருக்கைகளைத் துடைத்தார்கள். யாரோ வாங்கப்போகிறார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பிக்கை. 27-ஆம் தேதி இரவு பெரியை லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். துடைத்த இருக்கையில் உட்கார ஆட்டம் வரவில்லை.

அந்தத் துடைப்பங்களைப் பார்த்த பிறகும் “செலவு விதி ரசிகனுக்கு விரோதி” என்று எப்படி ஒருவரால் பேச முடிகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, ரசிகனைவிடச் சத்தமில்லாதது. கடன் கொடுத்தவர்கள். போர்ட்ஸ்மத் 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. பிரீமியர் லீக்கில் அப்படிப் போன முதல் கிளப். ஒன்பது புள்ளி வெட்டு. கடன்காரர் பட்டியலில் வரித்துறை இருந்தது, மைதானத்தில் மயங்கி விழுபவர்களுக்கு முதலுதவி செய்யும் தன்னார்வ அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. ஆனால் இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. கிளப் முழுகினால் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் பாக்கியை முழுசாகக் கொடுத்தாகவேண்டும். இல்லையேல் லீக்கில் இடமில்லை. மற்றவர்களுக்குப் பவுண்டுக்குச் சில பென்ஸ். வரித்துறை இதை எதிர்த்து வழக்குப் போட்டு 2012-ல் தோற்றது. ஆக, “அவன் காசு, அவன் செலவு” என்று தொடங்கிய கூத்தின் கடைசிக் காட்சியில் பில் கட்டுவது சமையல் ஒப்பந்தக்காரரும் அச்சகக்காரரும் முதலுதவிப் பெட்டி தூக்கியவரும்தான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

சரி, வேலி விஷயம். பெரிய கிளப்புகள் என்றென்றும் பெரியவையாக இருக்கவே இந்த விதி என்கிறார்கள். விதி வருவதற்கு முன்னால் கதவு விரியத் திறந்து கிடந்ததா? எண்ணிப் பார்ப்போம். 1992-93-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2012-13 வரை 21 பட்டங்கள். அவற்றில் 13 மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு. ஆர்சனலுக்கு மூன்று, செல்சிக்கு மூன்று, சிட்டிக்கு ஒன்று, பிளாக்பர்னுக்கு ஒன்று. கட்டுப்பாடே இல்லாத காலத்தில் யார் வேண்டுமானாலும் ஜெயித்த லட்சணம் இது. யாருமே எதிர்பார்க்காத, 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் சிரித்துக்கொண்டு எழுதிவைத்த லெஸ்டர் பட்டம் வந்தது 2016-ல், இந்த விதி நடப்பில் இருந்தபோது. (லெஸ்டரைக் காட்டி நான் ஒரேயடியாகக் குதிக்கவும் முடியாது. 2013-14-ல் மேலே ஏறி வந்த வழியில் கீழ் டிவிஷனின் செலவு விதி தொடர்பான வழக்கில் மாட்டி, 2018-ல் 31 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.)

கால்வாசி நியாயம் என்றேனே, அது இங்கேதான். 10.5 கோடி என்ற எல்லை 2013-ல் போட்டது. ஆட்டக்காரர் விலை அதன்பின் எங்கோ போய்விட்டது; எல்லை அசையவில்லை. இது தப்பு. உள்ளூர் அகாடமியில் வளர்ந்த பையனை விற்றால் வருகிற தொகை முழுக்க லாபமாக ஏட்டில் ஏறுகிறது, ஏனென்றால் அவனை வாங்க எதுவும் கொடுக்கவில்லை. வெளியே பத்துக் கோடிக்கு வாங்கியவனின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதலாம். விளைவு, 2024 ஜூன் 30 கணக்கு முடிப்புக்கு முந்தைய வாரத்தில் கிளப்புகள் ஊர்ப் பையன்களை மாற்றி மாற்றி விற்றன. நியூகாஸில் பக்கத்திலேயே பிறந்து அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த எலியட் ஆண்டர்சன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனான். அந்த ரசிகர்களின் வயிற்றெரிச்சலை நான் கேலி செய்யமாட்டேன். கணக்கெழுதும் முறையை மாற்றவேண்டும். எல்லையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தியிருக்கவேண்டும்.

ஆனால் இதிலிருந்து “விதியே வேண்டாம்” என்ற முடிவுக்கு எப்படித் தாவுவது? கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவோம், வீட்டை இடிப்போமா? இன்னொன்றும் கேட்க இருக்கிறது. வரவுக்கு ஏற்ற செலவு என்றால் வரவு பெருத்தவனுக்கு லாபம்தான், சரி. அதற்கு மருந்தாக வேறொரு யோசனை வந்தது: கடைசி இடத்துக் கிளப்புக்கு டி.வி. உரிமையில் கிடைக்கும் தொகையின் ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கிளப்பும், எவ்வளவு வரவு இருந்தாலும், அணிக்குச் செலவழிக்கக் கூடாது. பெரியவர்களை உண்மையிலேயே கட்டக்கூடிய கயிறு அது ஒன்றுதான். 2025 நவம்பரில் இருபது கிளப்புகளும் வாக்களித்தபோது அதற்குத் தேவையான 14 வாக்கு கிடைக்கவில்லை. பழைய 10.5 கோடி எல்லைக்குப் பதிலாக, வரவில் 85 சதவீதம் வரை அணிக்குச் செலவழிக்கலாம் என்ற இன்னொரு விதி நிறைவேறியது. சமத்துவம் கேட்டு மேடையில் கூவியவர்கள் இந்தக் கயிறு அறுந்த நாளில் எங்கே போனார்கள்? என் சித்தி மகனின் கிளப் அதற்கு முன்பே வேறு ஒரு வித்தை காட்டியிருந்தது. தன் ஸ்டேடியத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் தாய்க் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கு 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. வலது பையிலிருந்து இடது பைக்கு. பிறகு பெண்கள் அணியையும் அப்படியே. லீக் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய அமைப்பான யூஃபா ஏற்கவில்லை, 2025-ல் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஒரே ஏட்டை இரண்டு அதிகாரிகள் பார்க்கிறார்கள். ஒருவருக்கு வரவாகத் தெரிவது இன்னொருவருக்குக் கண்கட்டாகத் தெரிகிறது.

விதியைப் பெரியவர்கள்மேல் செலுத்தவே முடியாது என்பது அடுத்த விரக்தி. 2021 ஆகஸ்ட் 8-ஐ மறந்துவிட்டோமா? பார்சிலோனாவில் மெஸ்ஸி டிஷ்யூ பேப்பரால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுத காட்சியைப் பார்க்காத கால்பந்து ரசிகன் சென்னையில் இல்லை, கொச்சியில் இல்லை. ஏன் அழுதார்? ஸ்பெயினில் 2013 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் இந்த சீசனில் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் முன்கூட்டியே வரம்பு கட்டுகிறது. வரம்பைத் தாண்டினால் ஆட்டக்காரரின் பெயரையே பதிவு செய்யமாட்டார்கள். பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவரே அறிவித்த நேரம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர், சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளத் தயார் என்றும் சொன்னார், பதிவு நடக்கவில்லை. ஸ்பெயின் லீக்குக்கே அதனால் நஷ்டம், விளம்பரம் போனது, முகம் போனது. இருந்தும் விதி நின்றது. பெரியவன் என்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன்பிறகு பார்சிலோனா டி.வி. உரிமையில் ஒரு பங்கை விற்று வழிதேடியது வேறு கதை. நான் சொல்லவருவது நேரத்தைப் பற்றி. அங்கே கணக்கைப் பார்ப்பது ஆட்டத்துக்கு முன்னால்.

இங்கிலாந்தில் ஆட்டம் முடிந்த பிறகு பார்க்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். எவர்டன் வழக்கின் உண்மையான அவலம் பத்துப் புள்ளியில் இல்லை, தேதியில் இருக்கிறது. மீறல் நடந்த கணக்குக் காலம் 2021-22 சீசனோடு முடிந்தது. அந்த சீசனில் எவர்டன் 39 புள்ளிகளோடு தப்பியது. 35 புள்ளி எடுத்த பர்ன்லி கீழே போனது. தண்டனை வந்தது 2023 நவம்பரில். மேல்முறையீட்டில் பத்து ஆறாகக் குறைந்தது. அந்த ஆறை உரிய சீசனிலேயே கழித்திருந்தால் எவர்டன் 33. கீழே போயிருக்கவேண்டியது யார் என்பதற்குக் கால்குலேட்டர் தேவையில்லை. எவர்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் லீக்கின் சின்னத்தைப் போட்டு, அதன் கீழே ‘ஊழல்’ என்று அச்சடித்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தக் கோபத்தைத் தொலைக்காட்சி உலகமெங்கும் காட்டியது. பர்ன்லியில் யாரும் அட்டை தூக்கவில்லை, தூக்கினாலும் காட்ட கேமரா இல்லை.

“எவர்டனும் ஃபாரஸ்டும் மட்டும்தான் மாட்டுவார்களா, சிட்டி என்ன ஆயிற்று?” இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஃபாரஸ்ட் மீது 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு, மார்ச்சில் நாலு புள்ளி வெட்டு. மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் வந்தன, அவற்றில் சில 2009 வரை பின்னால் போகிறவை. விசாரணைக் கூட்டம் தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. எவர்டன் தான் தாண்டியதை ஒப்புக்கொண்டது, சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, ஆகவே நேரம் பிடிக்கும் என்பது வக்கீல் பேச்சு. சரிதான், ஆனால் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று ஜனம் நினைத்தால் ஜனத்தின்மேல் என்ன தப்பு? 2020-ல் யூஃபா சிட்டிக்குப் போட்ட இரண்டு வருடத் தடையை விளையாட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, சில புகார்கள் காலாவதியாகிவிட்டன என்பது. தாமதம் யாருக்கு நண்பன் என்று அன்றே தெரிந்துபோயிற்று. லெஸ்டர் இன்னும் வேடிக்கை. 2022-23 கணக்கில் சிக்கிய கிளப், அந்த ஜூனில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி உறுப்பினர் பங்கைக் கைமாற்றிவிட்டதால், கணக்கு முடிந்த ஜூன் 30 அன்று லீக்கின் அதிகாரம் தன்மேல் இல்லை என்று வாதாடி 2024-ல் ஜெயித்தது. தோற்று இறங்கியதே பாதுகாப்பாகிவிட்டது.

இதெல்லாம் அமலாக்கம் தளர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. திருடனைப் பிடிக்கத் தாமதமானால் போலீஸை வையலாம். திருட்டைச் சட்டபூர்வமாக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஃபாரஸ்ட் வழக்கில் பலருக்கும் ஃபாரஸ்ட் பக்கம் பரிதாபம். அவர்கள் விஷயத்தில் அனுமதித்த நஷ்டம், வழக்கமான 10.5 கோடி அல்ல, 6.1 கோடிதான்; தாண்டியது இன்னும் 3.45 கோடி. பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும். இரண்டு மாதம் பொறுத்து, செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு ஏறக்குறைய 4.75 கோடிக்கு விற்றார்கள். “நல்ல விலைக்குக் காத்திருந்தது குற்றமா?” என்று கேட்டார்கள். வியாபாரியாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த 3.45 கோடி எங்கே போனது என்றும் பார்க்கவேண்டும். 2022-23-ல் வண்டி வண்டியாக ஆட்களை வாங்கி இறக்கி, 38 புள்ளியோடு, நாலு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தார்கள். அதிகமாகச் செலவழித்த ஒவ்வொரு பவுண்டும் ஆடுகளத்தில் ஓடியது, தடுத்தது, கோல் போட்டது. எதிரில் நின்றவன் அந்தப் பவுண்டு இல்லாமல் ஆடினான்.

ரசிகனைத் தண்டிக்காதே, அபராதம் போடு, ஓனரைப் பிடி என்கிற கருணைப் பேச்சுக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. பணக்கார ஓனருக்கு அபராதம் என்பது நுழைவுச் சீட்டின் விலை. கள்ளப் புள்ளியைப் புள்ளியால்தான் திருப்பி எடுக்க முடியும். எவர்டன் ரசிகன் பாவம்தான். ஆனால் கணக்கில் ஒரே ஒரு ரசிகன் இருப்பதுபோல் பேசுகிறோமே, எதிர்ப்பக்கத்து ரசிகன் எங்கே போனான்?

அவன் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறான். விக்கம் வாண்டரர்ஸ் 1887-ல் தொடங்கிய கிளப். இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பை முதல் முறையாக எட்டியது 2020-ல், தன் வரலாற்றின் 133-ஆவது வருடத்தில். ஆடிய ஒரே சீசனும் கொரோனாவால் பெரும்பாலும் காலி அரங்குகளில். டிவிஷனிலேயே மிகச் சின்ன பட்ஜெட்டுகளில் ஒன்று. 2021 மே 8, கடைசி நாள், மிடில்ஸ்பரோவுக்குப் போய் 3-0 என்று ஜெயித்தது. டார்பியில் அதே நேரம் டார்பி கவுண்டியும் ஷெஃபீல்ட் வெட்னெஸ்டேயும் 3-3 என்று முடித்தன. இறுதிப் பட்டியல்: டார்பி 44, விக்கம் 43, ராதரம் 42, வெட்னெஸ்டே 41. கீழ் மூன்றும் இறங்கின.

வெட்னெஸ்டேயின் 41 உண்மையில் 47. தன் ஸ்டேடியத்தைத் தன் ஓனருக்கே விற்று, அந்த விற்பனையைத் தப்பான வருடக் கணக்கில் ஏற்றியதற்காக ஆறு புள்ளி போயிருந்தது. டார்பியின் அன்றைய ஓனர் மெல் மாரிஸும் கிளப்பின் ஸ்டேடியமான பிரைட் பார்க்கைத் தனக்கே 8.11 கோடி பவுண்டுக்கு விற்றவர்தான். அந்த விற்பனை மீதான புகார் நிற்கவில்லை. ஆட்டக்காரர் விலையை ஏட்டில் தேய்மானம் எழுதிய விதத்தில்தான் டார்பி மாட்டியது. 2020 ஜனவரியில் போட்ட குற்றச்சாட்டு அது. மேல்முறையீட்டுக் குழு டார்பிக்கு எதிராகச் சொன்னது 2021 மே மாதம். அதற்குள் சீசன் முடிந்துவிட்டது. புள்ளி வெட்டு வந்தது அந்த நவம்பரில், அடுத்த சீசன் கணக்கில், ஒன்பது. திவாலுக்கான பன்னிரண்டோடு சேர்த்து 21. அந்த ஒன்பதில் இரண்டை ஆறு மாதம் முன்னால் கழித்திருந்தால் போதும், விக்கம் மேலே நின்றிருக்கும்.

அன்று விக்கம் ஆடப்போன மிடில்ஸ்பரோவும் டார்பியால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன கிளப்தான். 2019-ல் பிளே-ஆஃப் இடத்தை டார்பியிடம் இழந்தது 74-க்கு 73 என்று, மறுபடியும் ஒற்றைப் புள்ளியில். இரண்டு கிளப்புகளும் நஷ்ட ஈடு கேட்டன. 2022-ல் டார்பியோடு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதற்குள் டார்பியைக் காப்பாற்றச் சொல்லி நாடெங்கும் அனுதாபம். பெரிய கிளப், பெரிய வரலாறு, வேய்ன் ரூனி வேறு மேனேஜர். வழக்குத் தொடுத்த விக்கமுக்குக் கிடைத்த பெயர் பேராசைக்காரன் என்பது.

இதை என் தம்பிக்குச் சொன்னேன். “யாருண்ணே அது விக்கம்?” என்றான்.

2022 மே மாதம் விக்கம் திரும்ப மேலே ஏற வெம்பிளியில் பிளே-ஆஃப் இறுதியாட்டம் ஆடியது. சண்டர்லாந்திடம் 0-2 என்று தோற்றது. அந்த ஆகஸ்டில் டார்பியும் விக்கமும் மூன்றாம் டிவிஷனில் ஒன்றாக ஆடத் தொடங்கின. 2024-ல் டார்பி மேலே ஏறியது. விக்கம் அங்கேயே நின்றது.